வங்கிக் கட்டணத்தைத் திரும்பக் கேட்பவர்கள் செய்யும் தவறுகள்

சனிக்கிழமை காலையில், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் உள்ள சாட்ஸ்வர்த்தில், எங்கள் கோயில் மண்டபத்தின் பின்பக்கம் ஒரு மேசை போட்டு உட்காருவேன். டர்பனில் ஒரு தளபாடக் கடையில் 22 ஆண்டுகள் கணக்கெழுதியவள் நான். வங்கிக் கடிதம் புரியாதவர்கள், எதற்கென்றே தெரியாமல் கணக்கில் பணம் குறைந்தவர்கள் வருவார்கள்.

இரண்டு வாரத்துக்கு முன்பு ஒரு தம்பி வந்தார். அவர் மூடச் சொன்ன ஒரு கணக்குக்கு 31 மாதம், மாதம் 109 ரேண்ட் பிடித்திருக்கிறார்கள். மொத்தம் 3,379 ரேண்ட். தாள்களை அழகாக அடுக்கி வைத்திருந்தார். மூடச் சொல்லி எழுதிக்கொடுத்த படிவத்தின் நகல், கிளை முத்திரையோடு இருந்தது. இவ்வளவு பலமான ஆதாரத்தை நான் அடிக்கடி பார்த்ததில்லை.

"950 ரேண்ட் தருகிறோம் என்றார்கள் ஆன்ட்டி. நேற்றுக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். மீதியை எப்படி வாங்குவது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்."

எனக்கு நெஞ்சு அடைத்தது. 2013-இல் நானும் இப்படித்தான் கையெழுத்துப் போட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். தாளைப் பத்திரமாக வையுங்கள், மரியாதையாகப் பேசுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

"அநியாயம்" என்ற சொல்லோடு தொடங்குவது

கட்டணம் அதிகம் என்பது வேறு, அந்தக் கட்டணத்தை எடுக்க வங்கிக்கு உரிமையே இல்லை என்பது வேறு. முதலாவதைச் சொன்னால் அனுதாபம் கிடைக்கும், பணம் கிடைப்பது அபூர்வம். இரண்டாவதைக் காட்டினால் வங்கி பதில் சொல்லியே ஆக வேண்டும்.

நம் வங்கிகள் ஆண்டுதோறும் கட்டணப் பட்டியல் வெளியிடுகின்றன. சில வங்கிகளுக்கு அது ஜனவரியில் மாறும், சிலவற்றுக்கு ஜூலையில். பணம் பிடித்த தேதிக்குப் பொருந்தும் பட்டியலை எடுத்து, அந்த வரி அதில் இருக்கிறதா, அதே தொகைதானா என்று பாருங்கள். கடன் என்றால் இன்னும் எளிது. 2005-ஆம் ஆண்டின் தேசியக் கடன் சட்டம், பிரிவு 101-இல், கடன் வாங்கியவரிடம் எவற்றை மட்டும் வசூலிக்கலாம் என்று பட்டியலே போட்டிருக்கிறது: அசல், தொடக்கக் கட்டணம், மாதச் சேவைக் கட்டணம், வட்டி, காப்பீடு, தவணை தவறினால் வரும் நிர்வாகச் செலவு, வசூல் செலவு. அதற்கு வெளியே ஒரு வரி இருந்தால் அதைச் சுட்டிக்காட்டினாலே போதும்.

டெபிட் ஆர்டர் என்பது உங்கள் கணக்கிலிருந்து ஒரு நிறுவனம் தானாகப் பணம் பிடித்துக்கொள்ளும் ஏற்பாடு. பணமில்லாமல் திரும்பிய டெபிட் ஆர்டருக்கு விதிக்கும் தண்டக் கட்டணத்தைப் பற்றி, தபானி ஜாலி தலைமையில் நடந்த வங்கி விசாரணையின் 2008 அறிக்கையைச் சிலர் கொண்டுவருவார்கள். அந்தக் கட்டணம் மிகை, அதற்கு வரம்பு வேண்டும் என்று அந்தக் குழு சொன்னது உண்மை. ஆனால் அது பரிந்துரை. அதைச் சட்டம்போல மேற்கோள் காட்டி எழுதினால் உங்கள் மற்ற நல்ல வாதங்களும் சேர்ந்து பலமிழக்கும்.

இங்கிலாந்துக் கடிதத்தை அப்படியே நகலெடுப்பது

இணையத்தில் தேடினால் முதலில் கிடைப்பது பிரிட்டனில் புழங்கிய மாதிரிக் கடிதம்தான். அந்தச் சட்டங்கள் இங்கே செல்லாது. வங்கிக் கட்டணம் நியாயமற்றது என்ற அந்தக் கடிதத்தின் வாதம் 2009 நவம்பரில் அந்த நாட்டு உச்ச நீதிமன்றத்திலேயே தோற்றது. தண்டத் தொகை மிகை என்று வாதிட நமக்கு 1962-ஆம் ஆண்டின் தண்டத் தொகைச் சட்டம் இருக்கிறது. ஏற்பட்ட நட்டத்துக்குப் பொருந்தாத அளவு பெரிய தண்டத்தை நீதிமன்றம் குறைக்கலாம் என்று அதன் மூன்றாம் பிரிவு சொல்கிறது.

"முழுமையான இறுதித் தீர்வு" என்ற தாளில் கையெழுத்துப் போடுவது

என் கதையைச் சொல்கிறேன்.

2009-இல் வீட்டுக் கூரையை மாற்ற ஒரு தனிநபர் கடன் வாங்கினேன். என்னிடம் ஏற்கெனவே ஆயுள் காப்பீடு இருந்தது. அதைக் கடனுக்கு ஈடாக எழுதிக்கொடுத்தேன், அவர்களும் வாங்கிக்கொண்டார்கள். கடன் வாங்குபவர் தன் சொந்தப் பாலிசியைக் கொடுக்கலாம், அந்த உரிமையை வங்கி அவருக்குச் சொல்ல வேண்டும் என்பது கடன் சட்டத்தின் 106-ஆம் பிரிவு. இருந்தும் மாதாமாதம் 165 ரேண்ட் தங்கள் காப்பீட்டுக்கென்று பிடித்திருக்கிறார்கள். தவணையோடு கலந்து போனதால் நான் கவனிக்கவில்லை. கடைசித் தவணை கட்டிய பிறகு முழு ஸ்டேட்மென்ட் வாங்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

கிளைக்குப் போனேன். நல்ல மாதிரியாகப் பேசினார்கள், தேநீர் கொடுத்தார்கள். ஒரு வாரத்தில் கூப்பிட்டு, நல்லெண்ணத் தொகையாக 1,800 ரேண்ட் தருகிறோம் என்றார்கள். எனக்கு அன்றைக்கு அது பெரிய வெற்றியாகத் தெரிந்தது. ஒரு பக்கத் தாள். அதன் நடுவில், இந்தக் கடன் தொடர்பான எல்லாக் கோரிக்கைகளுக்கும் இது முழுமையான இறுதித் தீர்வு என்று ஒரு வரி. படித்தேன். படித்தும் கையெழுத்துப் போட்டேன், ஏனென்றால் மொத்தம் எவ்வளவு போயிருக்கிறது என்று நான் கூட்டிப் பார்க்கவே இல்லை.

அன்று இரவு கூட்டினேன். 48 மாதம், 165 வீதம், 7,920 ரேண்ட். பழைய மாதங்கள் மூன்று ஆண்டு தாண்டிக் காலாவதியாகிவிட்டன என்று அவர்கள் வாதிட்டிருந்தாலும் கடைசி மூன்று ஆண்டுக்கு மட்டும் 5,940. நாள் முழுக்க மற்றவர்களின் கணக்கைச் சரிபார்ப்பவள் என் சொந்தக் கணக்கைக் கூட்டாமல் போனேன். மேலே புகார் கொண்டுபோனேன். நீங்களே ஒப்புக்கொண்டு முடித்த விவகாரம், திறக்க முடியாது என்று பதில் வந்தது. சட்டப்படி அந்தப் பதில் சரியானதுதான்.

ஏன் சரி என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். நம் நாட்டுச் சட்டத்தில் இப்படிப்பட்ட சமரசம் ஒரு புதிய ஒப்பந்தம். அது கையெழுத்தானதும் பழைய வழக்கு செத்துவிடுகிறது. உங்கள் பழைய கோரிக்கை எவ்வளவு நியாயமானது என்று பிறகு யாரும் பார்க்க மாட்டார்கள். மோசடி, மிரட்டல், தவறான தகவல் கொடுத்து ஏமாற்றியது என்று நிரூபித்தால்தான் அந்தத் தாளை உடைக்க முடியும். அது மூவாயிரம் ரேண்டுக்காகச் செய்யக்கூடிய வேலை இல்லை.

வங்கி ஒரு தொகை சொன்னதும் மூன்று கேள்வியை எழுத்தில் கேளுங்கள். இந்தத் தொகையை எப்படிக் கணக்கிட்டீர்கள்? எந்தெந்த மாதங்களுக்கு? இதை வாங்கினால் மீதியைக் கேட்கும் உரிமை போய்விடுமா? நிபந்தனை எதுவும் இல்லை என்று பதில் வந்தால் வாங்கிக்கொண்டு, இது ஒரு பகுதி மட்டுமே என்று பதில் எழுதுங்கள். நிபந்தனை உண்டு என்றால் கையெழுத்து வேண்டாம். ஏற்கவில்லை, என் புகார் அப்படியே நிற்கிறது என்று இரண்டு வரி எழுதினால் போதும்.

இதில் இன்னொரு கண்ணி இருக்கிறது. சில சமயம் கையெழுத்தே கேட்காமல், இறுதித் தீர்வு என்று ஒரு மின்னஞ்சலை அனுப்பிவிட்டுப் பணத்தைக் கணக்கில் போட்டுவிடுவார்கள். "பாதிப் பணமாக எடுத்துக்கொள்கிறேன்" என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு செலவழித்துவிடாதீர்கள். நிபந்தனையோடு வந்த பணத்தை எடுத்துக்கொண்டால் நிபந்தனையையும் ஏற்றதாகவே வாதிடுவார்கள். அன்றைக்கே எழுதுங்கள்: நிபந்தனையை ஏற்கவில்லை, வேண்டுமானால் பணத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். பதில் வரும்வரை அந்தத் தொகையைத் தொடாதீர்கள்.

கையெழுத்தே போடக்கூடாது என்று நான் சொல்லவில்லை. கூட்டிப் பார்த்து, வட்டியும் சேர்த்துப் பார்த்து, வித்தியாசம் எண்பது தொண்ணூறு ரேண்ட் என்றால் போட்டுவிட்டு வீட்டுக்கு வாருங்கள். ஆனால் அப்போதும் வாசகத்தைக் குறுக்கச் சொல்லுங்கள். "எல்லாக் கோரிக்கைகளும்" என்ற இடத்தில், இன்ன கணக்கில் இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை பிடித்த மாதக் கட்டணம் என்று இருக்க வேண்டும். இல்லையென்றால் அதே கணக்கில் நாளைக்கு வேறொரு தவறு கண்டுபிடித்தாலும் வாய் திறக்க முடியாது.

இது என்னை இன்னும் கோபப்படுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. இந்தத் தாளைக் கொண்டுவருபவர்கள் எல்லோரும் கடினமான வேலையை முடித்தவர்கள். தேடினார்கள், அடுக்கினார்கள், வரிசையில் நின்றார்கள். கடைசி ஐந்து நிமிடத்தில், எதிரே உட்கார்ந்திருப்பவர் அன்பாகப் பேசுகிறார் என்பதற்காக விட்டுக்கொடுத்துவிடுகிறார்கள். தாளை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டு வருகிறேன் என்று சொல்ல நமக்குக் கூச்சம். அப்படிச் சொல்வது மரியாதைக் குறைவு இல்லை. எந்த வங்கி ஊழியரும் அதைத் தடுக்க முடியாது.

அந்தத் தம்பியின் தாளை வரி வரியாகப் படித்தேன். கட்டணம் சரியாகவே பிடிக்கப்பட்டது என்று அதில் ஒரு வாக்கியம் இருக்கிறது. கணக்கை மூடச் சொன்ன படிவத்தில் அவர்களுடைய முத்திரையே இருக்கும்போது அந்த வாக்கியம் தவறான தகவல். அதை வைத்து ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.

டெபிட் ஆர்டரை நாற்பது நாள் கழித்துப் பார்ப்பது

நீங்கள் அனுமதிக்காத டெபிட் ஆர்டரை 40 நாளுக்குள் சொன்னால் வங்கி பணத்தைத் திருப்பிப் போடும். 40 நாள் தாண்டினால், வசூலித்த நிறுவனத்திடம் உங்கள் அனுமதி இருக்கிறதா என்று கேட்டு விசாரிப்பார்கள். ஒரு காலத்தில் 99 ரேண்ட் மோசடி என்று பெயரே வைத்திருந்தோம். 100 ரேண்டுக்குக் கீழே பிடித்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள் என்ற கணக்கு அது. மாதத்துக்கு ஒரு முறையாவது சிறிய தொகைகளைப் பாருங்கள்.

பலர் மறப்பது இதைத்தான்: அந்தத் திருட்டு 99 ரேண்டால் கணக்கில் பணம் குறைந்து, உங்கள் உண்மையான காப்பீட்டுத் தவணை திரும்பிப்போய், அதற்கு ஒரு தண்டக் கட்டணம் விழுந்திருக்கும். 99-ஐ மட்டும் கேட்டு வாங்கிவிட்டு அந்தத் தண்டத்தை விட்டுவிடுகிறார்கள். இரண்டையும் ஒரே கடிதத்தில் கேளுங்கள்.

கட்ட வேண்டிய கடனின் தவணையை, கையில் பணமில்லை என்பதற்காக "நான் அனுமதிக்கவில்லை" என்று திருப்பி எடுப்பது வேறு விஷயம். அது பொய். டெபிட் ஆர்டரை முன்கூட்டியே நீங்களே மின்னணு வழியில் உறுதிசெய்யும் டெபிசெக் முறையில் ஒப்புதல் கொடுத்திருந்தால் அது நடக்கவும் நடக்காது.

கோபத்தில் தவணையை நிறுத்துவது

செய்யாதீர்கள். கடன் சட்டத்தின் 111-ஆம் பிரிவின்படி அந்த ஒரு வரியை எழுத்தில் மறுத்து, மற்றதைக் கட்டிக்கொண்டே இருங்கள்.

தொலைபேசியில் பேசி முடிப்பது

பேசிய அன்றே, பேசியதை மின்னஞ்சலாக அனுப்பிக் குறிப்பெண் வாங்குங்கள்.

மூன்று ஆண்டு ஓடிப்போவது

வங்கி உங்களுக்குத் திருப்பித் தர வேண்டிய பணமும் சட்டத்தின் பார்வையில் ஒரு கடன்தான். 1969-ஆம் ஆண்டின் காலாவதிச் சட்டப்படி அப்படிப்பட்ட சாதாரணக் கடனைக் கேட்க மூன்று ஆண்டுதான். உங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்து, அல்லது நியாயமான கவனத்தோடு பார்த்திருந்தால் தெரிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து அது ஓடும். மாதாமாதம் ஸ்டேட்மென்ட் வருகிறவருக்கு "எனக்குத் தெரியாது" என்பது பலவீனமான வாதம். கிளை மேலாளரிடம் இரண்டு ஆண்டு பேசிக்கொண்டிருந்தால் அந்த இரண்டு ஆண்டும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். பேச்சு அதை நிறுத்தாது. டர்பனின் மெரபேங்க் பகுதியில் ஓர் அக்கா, "பார்க்கிறோம், பார்க்கிறோம்" என்ற பதிலை நம்பிப் பெரும்பகுதியை இழந்தார்.

தவறான கதவைத் தட்டுவது

வாட்ஸ்அப்பில் சுற்றும் பல படிவங்களில் வங்கிமீதான புகார்களை நடுநிலையாக விசாரித்த பழைய வங்கி ஓம்பட்ஸ்மன் அமைப்பின் முகவரியே இருக்கிறது. 2024 மார்ச் 1 முதல் அது மற்ற காப்பீட்டு, கடன் ஓம்பட்ஸ்மன்களோடு சேர்ந்து தேசிய நிதி ஓம்பட் அமைப்பு ஆகிவிட்டது. முதலில் வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுத்து, அவர்கள் பதில் திருப்தி இல்லாதபோதுதான் அங்கே போக வேண்டும். நேராகப் போனால் வங்கிக்கே திருப்பி அனுப்புவார்கள், நாள்தான் வீணாகும். புகார் கொடுக்கக் காசு கிடையாது. வாங்கித் தருகிறேன், முப்பது சதவீதம் கொடுங்கள் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

வாட் வரியை விட்டுவிடுவது

2018 மார்ச் 31 வரை 14 சதவீதம், அப்புறம் 15. கட்டணத்தோடு அதையும் கேளுங்கள்.

அம்மாவின் கணக்குக்கு மகள் எழுதுவது

அம்மா உயிரோடு இருந்தால் அவர் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதத்தை முதல் கடிதத்தோடே வையுங்கள். இல்லாவிட்டால் வங்கி உங்களோடு பேசாது. இறந்தவரின் கணக்கு என்றால் பிள்ளை என்பது மட்டும் போதாது. இறந்தவரின் சொத்தை நிர்வகிக்க உங்களை நியமித்து உயர் நீதிமன்றத்தின் மாஸ்டர் அலுவலகம் கொடுக்கும் கடிதம் வேண்டும். சொத்து 250,000 ரேண்டுக்கு மேல் போகாவிட்டால் எளிய அதிகாரக் கடிதம் ஒன்றைக் கொடுப்பார்கள். அதற்கு விண்ணப்பிக்கும்போது இந்தக் கோரிக்கையையும் சொத்துப் பட்டியலில் ஒரு வரியாக எழுதிவிடுங்கள்.