மூன்று நாள் அலைக்கழித்த வைரஸ் எச்சரிக்கை

அப்பாவின் விண்டோஸ் 11 லேப்டாப்பில், வலது கீழ் மூலையில் "உங்கள் கணினியில் 5 வைரஸ்கள்" என்ற எச்சரிக்கை வந்துகொண்டே இருந்தது. முதல் நாள், வைரஸ்களை நீக்கித் தரும் என்று விளம்பரத்தில் பார்த்த ஒரு இலவச கிளீனரைப் போட்டேன். இருபதே நொடியில் 312 கோளாறுகள் என்றது; நீக்கப் பணம் கேட்டது. மறுநாள் குரோமை அழித்து மறுபடி நிறுவினேன். பழைய புரொஃபைல், அதாவது குரோம் சேமித்து வைத்த அமைப்புகள், அப்படியே இருந்ததால் பயனில்லை.

அப்புறம்தான் கிளீனரையே சோதிக்கத் தோன்றியது. ஐகார் சோதனைக் கோப்பு என்று ஒன்று உண்டு. வெறும் 68 எழுத்துகள், எந்தத் தீங்கும் செய்யாது. ஆன்டிவைரஸ்கள் பிடிக்கின்றனவா என்று பார்ப்பதற்காகவே உருவாக்கியது. விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டர், அதை நான் சேமித்த கணமே பிடித்தது. டிஃபெண்டரைச் சற்று நிறுத்திவிட்டு, அந்தக் கோப்பை மறுபடி சேமித்துக் கிளீனரை ஓட்டினால், அதே 312தான். ஐகார் பற்றிப் பேச்சே இல்லை. கிளீனரை உடனே தூக்கிவிட்டேன்.

டிஃபெண்டரைத் திரும்ப இயக்கி, விண்டோஸ் தொடங்கும் முன்பே சோதிக்கும் அதன் ஆஃப்லைன் ஸ்கேனையும் ஓட்டினேன். ஒன்றும் சிக்கவில்லை. சரி, எச்சரிக்கையையே உற்றுப் பார்ப்போம் என்று குனிந்தால், பொடி எழுத்தில் குரோம் என்றும் ஏதோ ஒரு தளத்தின் முகவரியும் இருந்தன. வைரஸே இல்லை! அப்பா எப்போதோ 'அனுமதி' அழுத்திய தளத்தின் நோட்டிஃபிகேஷன். குரோம் அமைப்புகளில் தள அமைப்புகள், அதில் அறிவிப்புகள் போய் அந்த முகவரியை நீக்கினேன். அத்தோடு நின்றது.