ஜப்பானியத் தொடர் எங்கே நிற்கிறது, எங்கே சப்பென்று போகிறது: பிரித்துப் பார்க்கும் முறை

ஜப்பானில் பெரும்பாலான தொலைக்காட்சித் தொடர்கள் மூன்று மாதத்துக்குள் முடிந்துவிடும். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என ஆண்டுக்கு நான்கு முறை புதுத் தொடர்கள் வரும். வாரம் ஒன்று வீதம் 9 முதல் 11 எபிசோடு. விளம்பரம் போக ஒவ்வொன்றும் சுமார் 46 நிமிடம். எழுதுகிறவருக்குக் கிடைப்பது மொத்தம் ஏழு, எட்டு மணி நேரம். அதை அவர் எப்படிச் செலவழித்தார் என்று பார்த்தாலே, 'சூப்பர்', 'போர்' என்பதைத் தாண்டிக் காரணத்தோடு பேச முடியும்.

ஒரு நோட்டும் கடிகாரமும் போதும். தொடங்கும்போது, ஒளிபரப்பாகி முடிந்த தொடரையே எடுங்கள். இங்கே முக்கிய உதாரணம் 'அன்நேச்சுரல்'. நோகி அகிகோ எழுதி, 2018 ஜனவரியில் டிபிஎஸ் சேனலில் வெள்ளி இரவு 10 மணிக்குத் தொடங்கிய 10 எபிசோடு தொடர். இறந்தவர்களின் உடலை ஆராய்ந்து மரணத்தின் காரணத்தைக் கண்டுபிடிக்கும் ஆய்வகம்தான் களம். கடைசி முடிச்சை இங்கே அவிழ்க்கவில்லை.

படி 1: கிழமையையும் நேரத்தையும் குறியுங்கள்

டிபிஎஸ்-இன் ஞாயிறு 9 மணி, புஜி டிவியின் திங்கள் 9 மணி என்று ஒவ்வொரு நேரத்துக்கும் பழகிய பார்வையாளர்கள் உண்டு. ஒருவர் தனியாக உணவகத்துக்குப் போய்ச் சாப்பிடுவது மட்டுமே கதையான 'கொதொகு நோ குருமே', 2012-இல் டிவி டோக்கியோவின் பின்னிரவில் தொடங்கி சீசன் சீசனாகத் தொடர்ந்தது. பின்னிரவு, அரை மணி நேரம், சின்ன பட்ஜெட், இவை மூன்றும் அந்தக் கதைக்குப் பொருந்தின. அதையே ஒரு மணி நேரத் தொடராக நீட்டியிருந்தால் தாங்கியிருக்காது.

படி 2: முதல் 15 நிமிடத்தில் நிறுத்துங்கள்

மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். முதன்மைப் பாத்திரத்துக்கு எது கைவந்த வேலை? எதை விட்டுக்கொடுக்க மாட்டார்? நம்மிடம் எதை மறைக்கிறார்? மூன்றாவதற்குப் பதில் தெரிய வேண்டியதில்லை, ஏதோ இருக்கிறது என்று தோன்றினால் போதும். முதல் இரண்டும் காலியாக இருந்தால் கவலைப்படலாம்.

அடுத்து, பாத்திரங்களுக்கிடையே கோடு போட்டு உறவு வரைபடம் ஒன்று வரையுங்கள். தொடர்களின் அதிகாரபூர்வ இணையதளங்களிலும் இப்படி ஒன்று இருக்கும். அதைப் பார்க்காமல் வரைவதுதான் பயிற்சி. 'இவருக்கு என்ன வேண்டும்?' என்று ஒரு வரி எழுத முடியாத பாத்திரங்கள் பாதிக்கு மேல் இருந்தால், கதைக்கு ஆள் தேடாமல் ஆளுக்குக் கதை தேடியிருக்கிறார்கள் என்று பெரும்பாலும் கொள்ளலாம். பெரிய நடிகரின் தேதியை முதலில் வாங்கிவிட்டு, கதையைப் பிறகு யோசிக்கும் வழக்கம் அங்கே உண்டு.

படி 3: இரண்டு இழைகளைப் பிரித்துப் பாருங்கள்

அதிக நேரம் கொடுக்க வேண்டிய படி இதுதான். பக்கத்தை இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் அந்த வாரத்தோடு முடியும் வழக்கையும், வலப்பக்கம் பத்து வாரமும் ஓடும் கேள்வியையும் எழுதுங்கள். இடப்பக்கத்தில் நடந்தது வலப்பக்கத்தை மாற்றினால் அம்புக்குறி போடுங்கள்.

'அன்நேச்சுரல்' முதல் எபிசோடில் ஓர் இளைஞனின் திடீர் மரணம். சவூதியிலிருந்து மெர்ஸ் என்ற சுவாசத் தொற்றைக் கொண்டுவந்தவன் என்று பழி அவன்மேல் விழுகிறது. ஆய்வகத்தின் மருத்துவரும் கதையின் நாயகியுமான மிகோதோவும் சகாக்களும் விடாமல் தோண்டியதில், தொற்று ஒரு மருத்துவமனையிலிருந்து பரவியது என்று தெரிகிறது. பத்து வாரக் கேள்வியோ வேறு: தன் காதலியைக் கொன்றவனைத் தேடும், அதே ஆய்வகத்தின் மருத்துவர் நகாதோ. காரணம் தெரியாமல் போகும் மரணம் உயிரோடு இருப்பவர்களை என்ன செய்யும் என்பதையே வாராவாரம் வழக்குகள் காட்டுவதால், நகாதோவின் வலி நமக்கு விளக்கம் இல்லாமலே புரிகிறது. அவருடைய கடந்தகாலம் திறப்பது சரியாக நடுவில், 5-ஆம் எபிசோடில்.

சப்பென்று போகும் தொடரில் இந்த அம்புக்குறிகள் இருக்காது. 44 நிமிடம் வழக்கு ஓடும்; கடைசி 2 நிமிடத்தில் ஒரு மர்மத் தொலைபேசி அழைப்பு, ஒரு பழைய புகைப்படம், அவ்வளவுதான். எல்லா எபிசோடிலும் அந்த 2 நிமிடத்தை வெட்டிவிட்டால் ஏதாவது குறைகிறதா என்று கேளுங்கள். குறையவில்லை என்றால் பெரிய கேள்வி வெறும் ஒட்டுவேலை.

படி 4: 5 முதல் 7-ஆம் எபிசோடு வரை கவனமாகப் பாருங்கள்

தொடர் சரிவது பெரும்பாலும் இங்கேதான். முதல் எபிசோடுகள் ஒளிபரப்பாகும்போது பின்பகுதியின் எழுத்தும் படப்பிடிப்பும் இன்னும் நடந்துகொண்டிருப்பது அங்கே சகஜம். நேரம் நெருக்கும்போது பழைய காட்சிகள் ஃப்ளாஷ்பேக்காகத் திரும்ப வரும்; ஒரே அறையில் உட்கார்ந்து ஒருவர் மற்றவருக்கு விளக்குவார்; ஒரு வார்த்தை பேசினால் தீரும் மனஸ்தாபத்தை மூன்று வாரம் ஜவ்வாக இழுப்பார்கள். பழைய காட்சிகளுக்குப் போன நிமிடங்களைக் கூட்டிப் பாருங்கள். ஓர் எபிசோடில் மூன்று நிமிடம் தாண்டினால், எழுதச் சரக்கு குறைகிறது என்பது எங்கள் கணிப்பு.

இதைத் தாண்டிய இரண்டு தொடர்கள், இரண்டு வழிகள். 2013-இல் வந்த 'ஹன்சாவா நவோகி', இகெய்தோ ஜுன் எழுதிய வங்கி நாவல்கள் இரண்டை எடுத்து, முதல் 5 எபிசோடு ஒசாகா, அடுத்த 5 டோக்கியோ என்று பங்கு போட்டது. ஒசாகா கிளையின் 50 கோடி யென் கடன் விவகாரம் 5-ஆம் வாரத்திலேயே உச்சத்தை எட்டி முடிந்துவிடுவதால், தொய்வு வரவேண்டிய இடத்தில் ஒரு கிளைமாக்ஸ் நிற்கிறது. 2016-இன் 'நிகேஹாஜி' வேறு வழியில் போனது. சம்பளம் பேசிச் செய்துகொண்ட ஒப்பந்தக் கல்யாணத்தில், வாராவாரம் ஏதாவது ஒரு விதி மாறும். கட்டிப்பிடிக்க ஒரு நாள் என்று செவ்வாய்க்கிழமையைக்கூட ஒதுக்குவார்கள். விதி மாறிய பிறகு இருவரும் பழைய இடத்துக்குத் திரும்ப முடியாது; அதனால் இழுவை இல்லை.

படி 5: பாடல் வரும் இடத்தில் ஒலியைக் குறையுங்கள்

அந்த எபிசோடின் கனமான தருணத்தில் முகப்புப் பாடலை எழுப்புவது பல தொடர்களின் வழக்கம். ஒலி இல்லாமல், சப்டைட்டிலோடு அதே காட்சியைப் பாருங்கள். அப்போதும் தொண்டை அடைத்தால் காட்சி உழைத்திருக்கிறது.

படி 6: ரேட்டிங்கைக் கடைசியில் பாருங்கள்

வழக்கமாக மேற்கோள் காட்டப்படுவது, வீடியோ ரிசர்ச் நிறுவனம் டோக்கியோவைச் சுற்றியுள்ள காந்தோ பகுதிக்கு எடுக்கும் கணக்கு: எத்தனை சதவீத வீடுகளில் தொடரைப் பார்த்தார்கள் என்பது. ஒற்றை எண்ணைவிட ஏற்ற இறக்கம் முக்கியம். முதல் வாரம் நடிகருக்காகப் பார்ப்பார்கள், அதனால் இரண்டாம் வாரம் இறங்குவது சாதாரணம். 'ஹன்சாவா நவோகி' 19.4 சதவீதத்தில் தொடங்கி 42.2-இல் முடிந்தது; 'நிகேஹாஜி' 10.2-இல் தொடங்கி 20.8-க்கு ஏறியது. பார்த்தவர்கள் இன்னொருவரைக் கூட்டிவந்தால்தான் கோடு இப்படி மேலே போகும்.

அண்மைக்காலத் தொடர்களுக்கு இந்தக் கணக்கு மட்டும் போதாது. 2015-இல் வந்த டீவர் என்ற இணையதளத்தில், ஒளிபரப்பான பின்னர் பார்க்கும் வசதி வந்துவிட்டது. 2022-இல் புஜி டிவியின் 'சைலன்ட்' ஒற்றை இலக்க ரேட்டிங்கிலேயே ஓடியது, ஆனால் பின்னர் பார்த்தவர்களின் எண்ணிக்கையில் சாதனை படைத்தது. எனவே ஒப்பிடும்போது அதே நேரம், பக்கத்துப் பக்கத்து ஆண்டு என்று எடுத்துக்கொள்ளுங்கள். 1990-களின் எண்ணோடு இன்றைய எண்ணை வைத்துப் பார்க்காதீர்கள்.