தறிக்கு லீவு, காதுக்கும் லீவு

சேலம் அம்மாபேட்டையில் எங்கள் வீட்டில் அமாவாசைக்குத் தறி ஓடாது. நாள் முழுக்க பவர்லூம் இரைச்சலில் நிற்கிறவனுக்கு உடம்புக்கு முன்னால் காதும் மனசும்தான் களைத்துப்போகும். அதனால் அந்த லீவை ஏற்காட்டுக்கென்று ஒதுக்கிவிட்டேன். நீங்களும் ஏதாவது ஒரு வேலைநாளாகப் பார்த்து லீவு போடுங்கள். சனி, ஞாயிறும் மே மாதக் கோடை விழாவும் வேண்டவே வேண்டாம்.

முந்தின நாளே நூல் கடைக்காரர், வியாபாரி எல்லோரிடமும் “நாளைக்கு போன் எடுக்க மாட்டேன்” என்று சொல்லிவிடுங்கள். சொல்லாமல் அணைத்து வைத்தால் மனசு போனிலேயே கிடக்கும். அமாவாசையன்று எண்ணெய்க் குளியல் ஆகாது என்பது எங்கள் அம்மா போட்ட சட்டம். அதற்கு முந்தின சனிக்கிழமையே நல்லெண்ணெய் தேய்த்து அரப்புப் போட்டுக் குளித்துவிடுவேன். சீயக்காயைவிட அரப்புதான் குளிர்ச்சி; இதில் என்னோடு வாதாட வேண்டாம்.

காலையில் இரண்டு இட்லி போதும். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். குமட்டல் வருகிறவர்கள் பஸ்ஸில் முன்பக்கம் உட்கார்ந்து ரோட்டைப் பாருங்கள். காது அடைத்தால் எச்சில் விழுங்குங்கள். ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம்; சேலத்தைவிட ஏழெட்டு டிகிரி குறைவாக இருக்கும், ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

இறங்கியதும் லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட் என்று வண்டி பேசாதீர்கள். நாலு இடம் சுற்றினால் போட்டோ கிடைக்கும், ஓய்வு கிடைக்காது. நாகலூர் பக்கம் காபித் தோட்டங்களுக்கு நடுவே போகும் ரோட்டில் நடங்கள். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்த பயிர் அது. மேலே சில்வர் ஓக் நிழல், அதில் ஏறிய மிளகுக் கொடி, கீழே காபிச் செடி. மார்ச், ஏப்ரலில் நல்ல மழை பெய்து பத்து நாள் கழித்துப் போனால் காபி பூத்து மல்லிகை மாதிரி மணக்கும்.

பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் சரியான வேகம். ஆனால் பேசாதீர்கள். முதல் அரை மணி நேரம் மனசு பாவு நூல் விலையையும் வட்டிக் கணக்கையும்தான் ஓட்டும். ஓட்டட்டும், அதட்டாதீர்கள். அப்புறம் இலையில் தண்ணீர் சொட்டுவது, தூரத்தில் யாரோ விறகு பிளப்பது என்று ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பிக்கும். தறிக்காரர்களுக்கு ஒரு விஷயம்: என்னைப் போல் உங்களுக்கும் காதுக்குள் ரீங்காரம் இருந்தால், முழு அமைதியில் அது இன்னும் பெரிதாகக் கேட்கும். பயப்படாமல் காற்றில் மரம் சலசலக்கும் இடமாகப் பார்த்து உட்காருங்கள். ஊருக்குத் திரும்பியதும் காது டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

முட்டி வலிக்காரர்களுக்கு ஏரியோரம் நடந்தாலே போதும். சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போடக் கூடாது. கட்டிக்கொண்டு போன தயிர்சாதத்தைக் குரங்கு பார்க்காத இடத்தில் பிரியுங்கள். சாப்பிட்டுவிட்டுச் சும்மா படுத்திருங்கள். இருட்டுவதற்குள் கீழே இறங்கிவிட வேண்டும்; பனிமூட்டமும் உண்டு, காட்டெருமையும் உண்டு.

வாரக்கணக்கில் தூக்கமே இல்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் அதற்கு மலை மருந்தாகாது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு, அதாவது அரசின் மனநல உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள், காசு கிடையாது.

இறங்கியதும் எங்கள் சேலத்து நொறுக்குத்தீனியான தட்டுவடை செட் சாப்பிடலாமா என்று கேட்பீர்கள். தாராளமாக. காரச் சட்னியை மட்டும் குறைத்துப் போடச் சொல்லுங்கள், ராத்திரி தூங்க வேண்டாமா?