ஐந்தைந்து வெள்ளியாகச் சேரும் பிட்காயின்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட்டில் இரண்டு வெள்ளி (ரிங்கிட்) தேத்தண்ணிக்கும் டூயிட்நவ் ஸ்கேன்தான், கைப்பேசியிலேயே பணம் கட்டிவிடலாம். கட்டணம் என்று ஒரு காசுகூடப் பிடிப்பதில்லை. அதே பழக்கத்தோடு பிட்காயின் பக்கம் போகிறவர்கள்தான் முதலில் அடிபடுகிறார்கள்.

செம்பனை ஆலையில் வேலை செய்யும் தம்பி ஒருவர் என் கைப்பேசிக் கடைக்கு வந்தார். “அண்ணே, 200 வெள்ளி இருக்குன்னு காட்டுது. அனுப்பப் போனா காசு பத்தலைங்குது.” இணையத்தில் சின்னச் சின்ன வேலை செய்து கொடுத்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் ஐந்து வெள்ளி மதிப்புக்கு பிட்காயின் வாலட்டுக்கு வந்திருக்கிறது, மொத்தம் 40 முறை.

தொகை சின்னது என்றால் கட்டணமும் சின்னதாக இருக்கும் என்று அவர் நினைத்தார். பெரும்பாலானவர்கள் செய்யும் தவறு இதுதான். பிட்காயின் வலைப்பின்னல் தொகையைப் பார்ப்பதில்லை. உங்கள் பரிவர்த்தனை, பிளாக் எனும் கணக்கேட்டுப் பக்கத்தில் எத்தனை பைட் இடம் பிடிக்கிறது என்பதை மட்டுமே பார்க்கிறது. பத்து லட்சம் வெள்ளி அனுப்பினாலும் பத்து வெள்ளி அனுப்பினாலும், பிடிக்கும் இடம் ஒன்றென்றால் கட்டணமும் ஒன்றுதான். சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு பிளாக், அதிலும் அளவான இடம். கூட்டம் கூடினால் விலை ஏறும். 2024 ஏப்ரல் 20, ஹாவிங் (புதிய பிட்காயின் வெளியீடு பாதியாகக் குறைவது) நடந்த அன்று, ஒரு பரிவர்த்தனையின் சராசரிக் கட்டணம் 100 அமெரிக்க டாலரைத் தாண்டிப் போனது.

வாலட் காட்டும் 200 வெள்ளி வெறும் கூட்டல் கணக்கு. உள்ளே 40 துண்டுகள் தனித்தனியாகக் கிடக்கின்றன. செலவு செய்யும்போது ஒவ்வொரு துண்டுக்கும் தனிக் கையெழுத்து, தனி இடம். bc1q என்று தொடங்கும் முகவரி என்றால் ஒரு துண்டுக்கு ஏறக்குறைய 68 பைட். பழைய வகை, 1 என்று தொடங்குவது, 148 பைட்.

கடை மேசையில் இதைத் தாளில் எழுதிக் காட்டினேன். ஒரு பிட்காயின் நான்கு லட்சம் வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். சடோஷி என்பது ஒரு பிட்காயினில் பத்துக் கோடியில் ஒரு பங்கு; ஐந்து வெள்ளி என்பது 1,250 சடோஷி. கட்டணம் பைட்டுக்கு 20 சடோஷி என்றால், அந்த ஒரு துண்டைச் செலவழிக்க மட்டும் 1,360 சடோஷி வேண்டும். துண்டின் மதிப்பைவிடக் கூலி அதிகம். 40 துண்டையும் சேர்த்து அனுப்ப 2,760 பைட்டுக்குக் கிட்டே ஆகும். கட்டணம் 220 வெள்ளி. கையில் இருப்பதோ 200. அதே பணம் ஒரே துண்டாக வந்திருந்தால் ஒன்பது வெள்ளிக்குள் முடிந்திருக்கும்.

என் அம்மா பால்மரம் வெட்டியவர். கோப்பையில் ஒட்டிக் காய்ந்த ஒட்டுப்பாலை உரித்து உரித்துச் சாக்கில் போடுவார். ஒரு கைப்பிடி ஒட்டுப்பாலுக்காக யாரும் நிறுவைக்கு நடந்ததில்லை. இங்கேயும் அதே முறைதான். வேலை கொடுக்கும் தளத்தில் “இவ்வளவு சேர்ந்த பிறகு அனுப்பு” என்ற அளவைக் கூட்டி வையுங்கள். அந்தத் தளத்தை நம்பிப் பெரிய தொகையை விட்டுவைக்கவும் கூடாது. நடுவே ஓர் அளவைப் பிடியுங்கள். அடிக்கடி சில்லறை வந்து போகும் என்றால் லைட்னிங் (பிட்காயினின் மேல் ஓடும், சில்லறைக்கு ஏற்ற தனி வழி) வாலட் எடுங்கள், அங்கே கட்டணம் மிகக் குறைவு. ஏற்கெனவே சிதறிக் கிடப்பதைக் கூட்டம் இல்லாத நேரம் பார்த்து ஒன்றாக்கலாம். வார இறுதியில் பெரும்பாலும் கட்டணம் இறங்கும்.

“என் காசு, என் இஷ்டம். துளித் தொகை அனுப்பினால் யாருக்கு என்ன?” என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம். தோட்டத்தில் காலையில் பேர் கூப்பிட்டுப் பெரட்டு எடுப்பது நினைவிருக்கிறதா? செக்ரோல் என்ற ஆள் பதிவேட்டில் பேர் இருக்கும்வரை கணக்குப்பிள்ளையான கிராணி கூப்பிட்டே ஆகவேண்டும். செலவாகாத ஒவ்வொரு துண்டும் அப்படி ஒரு பேர். உலகம் முழுவதும் முழு நோட் (பிட்காயின் கணக்கு முழுவதையும் தானே சரிபார்க்கும் மென்பொருள்) ஓட்டும் ஒவ்வொரு கணினியும் அதைச் சுமக்கிறது. பழைய பிளாக்குகள் 600 ஜிகாபைட்டுக்கு மேல் போய்விட்டன, ஆனால் சரிபார்த்த பிறகு அவற்றை அழித்து இடத்தை மிச்சம் பிடிக்கலாம். செலவாகாத துண்டுகளின் பட்டியலை அழிக்க முடியாது. யாருக்கும் லாபமில்லாத துகள் அதில் காலத்துக்கும் உட்கார்ந்திருக்கும். சாதாரண ஆள் வீட்டுக் கணினியில் நோட் ஓட்ட முடியாமல் போனால், கணக்கைச் சரிபார்க்கும் வேலை பெரிய ஆட்களின் கைக்குப் போய்விடும்.

2012இல் சடோஷிடைஸ் என்ற பந்தயத் தளம், தோற்றவர்களுக்கும் தோல்வியைச் சொல்லத் துளித் தொகை அனுப்பி பிளாக்குகளை நிரப்பியது. 2013இல் வந்த பிட்காயின் மென்பொருளின் 0.8.2 பதிப்பு, 5,430 சடோஷிக்குக் குறைந்த துண்டுகளை உருவாக்கும் பரிவர்த்தனையைக் கடத்தாமல் விட்டது. பிறகு அந்த வரம்பு இறங்கியது: பழைய வகை முகவரிக்கு 546, bc1q வகைக்கு 294.

கட்டணத்தை மிகக் குறைத்து அனுப்பிவிட்டுப் பயந்துபோவது இன்னொரு தவறு. நோட் ஓட்டும் கணினிகள் பொதுவாக இரண்டு வாரம் காத்திருந்து அதைக் கைவிட்டுவிடும், பணம் தொலையாது. வாலட்டில் கட்டணத்தை உயர்த்தும் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். “நான் சீக்கிரம் முடித்துத் தருகிறேன், உன் வாலட்டைத் திறக்கும் பன்னிரண்டு சொல்லைக் கொடு” என்று டெலிகிராமில் வருபவன் திருடன். அதில் சந்தேகமே வேண்டாம்.

தெரியாத இடத்திலிருந்து துளித் தொகை வந்தால் தொடாதீர்கள். அதை உங்கள் மற்றத் துண்டுகளோடு சேர்த்துச் செலவழித்தால், எல்லா முகவரியும் ஒரே ஆளுடையது என்று வேவு பார்ப்பவனுக்குத் தெரிந்துவிடும். பல வாலட்டுகளில் அந்தத் துண்டை மட்டும் முடக்கி வைக்கலாம். பழைய பட்டியலிலிருந்து முகவரியை நகலெடுக்கவும் வேண்டாம். முதலும் கடைசியும் உங்கள் நண்பருடையது போலவே இருக்கும் போலி முகவரியிலிருந்து துளி அனுப்பி வைப்பார்கள்.

பிட்காயின் அல்லாத வலைப்பின்னல்களிலும் கவனம் வேண்டும்: எத்தீரியத்தில் தோற்றுப்போன பரிவர்த்தனைக்கும் கேஸ் எனும் கட்டணம் போய்விடும். டிரான் வலைப்பின்னல் வழியாக யூஎஸ்டிடி (டாலர் மதிப்பை ஒட்டிய நாணயம்) வைத்திருப்பவர்கள் கட்டணத்துக்குக் கொஞ்சம் டிஆர்எக்ஸ், அதாவது டிரானின் சொந்த நாணயம், தனியாக வைத்திருங்கள்.

அந்தத் தம்பியைக் காத்திருக்கச் சொன்னேன். இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிறு விடியற்காலை, கட்டணம் பைட்டுக்கு 2 சடோஷிக்கு இறங்கியிருந்தது. தெரியாத இடத்துத் துகள் எதுவும் கலக்கவில்லை என்று ஒருமுறை பார்த்துவிட்டு, 40 துண்டையும் அவருடைய சொந்த முகவரிக்கே ஒன்றாக அனுப்பினோம். 22 வெள்ளி போனது. மீதி 178 வெள்ளி, ஒரே துண்டாக. அன்றைக்கே தளத்தில் அளவை ஐந்து வெள்ளியிலிருந்து நூறாக மாற்றிவிட்டு வேலைக்குக் கிளம்பினார்.