இத்தாலியப் பயிற்சியாளர்களைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இத்தாலியக் கால்பந்தின் கீழ்ப்பிரிவுகளில் தடுப்பாட்டக்காரராக இருந்து பயிற்சியாளரானவர்களைப் பற்றிப் புதிதாக எழுதத் தொடங்கியிருக்கும் சிலர், தங்கள் வரைவுகளை என்னிடம் படிக்கத் தருகிறார்கள். ஒரு காலத்தில் நான் செய்த அதே பிழைகளை அவற்றில் மீண்டும் மீண்டும் பார்க்கிறேன். எழுத்துப்பிழையும் தேதிப்பிழையும் எவர் கண்ணிலும் பட்டுவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். எடுத்துக்காட்டுக்குத் தாவிதே நிக்கோலா ஒருவரே போதும். 1973இல் பியெமோந்தே பகுதியில் பிறந்து, வலப்புறத் தடுப்பாட்டக்காரராகத் தம் காலத்தைப் பெரும்பாலும் இரண்டாம் பிரிவிலேயே கழித்து, லுமெட்ஸானேயில் ஆட்டத்தை நிறுத்தி, 2010இல் அதே கழகத்தின் பயிற்சியாளராக நின்றவர் அவர்.

பிரிவின் பெயரை ஆண்டு பார்க்காமல் எழுதுவது

நிக்கோலா சீரி சியில் பயிற்சியைத் தொடங்கினார் என்று எழுதுவது தவறு. 2010இல் அந்தப் பெயரே கிடையாது. சீரி சி எனப்பட்ட மூன்றாம் பிரிவு 1978இல் சி1, சி2 என்று பிரிந்தது. 2008இல் அவை லேகா ப்ரோவின் முதல் டிவிஷன், இரண்டாம் டிவிஷன் என்று பெயர் மாறின. 2014இல் ஒன்றாக இணைந்தன. 2017இல்தான் பழைய பெயர் திரும்பியது. அவர் தொடங்கியது முதல் டிவிஷனில்.

திவாலான கழகத்தின் கதையை விட்டுவிடுவது

2006 ஜூனில் மான்டோவாவுக்கு எதிரான பிளே ஆஃப் (மேல்பிரிவுக்கு ஏறுவதற்கான தகுதி) ஆட்டத்தின் கூடுதல் நேரத்தில் நிக்கோலா அடித்த கோல்தான் டூரின் நகரின் டொரினோ கழகத்தை முதல் பிரிவான சீரி ஏவுக்குக் கொண்டு சென்றது. அதற்கு முந்தைய ஆண்டே களத்தில் அந்த உயர்வை வென்றிருந்த கழகம், திவாலாகி, புதிய நிறுவனமாகப் பதிவாகி, இரண்டாம் பிரிவான சீரி பியில் இருந்து மறுபடி தொடங்க வேண்டியிருந்தது. இதைச் சொல்லாவிட்டால் அந்தக் கோலை டொரினோ மக்கள் ஏன் இன்னும் மறக்கவில்லை என்பது வாசகருக்கு விளங்காது.

எசோனெரோவை "ஒப்பந்தம் முறிந்தது" என்று எழுதுவது

இதை எந்த வரைவில் பார்த்தாலும் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது, ஏனென்றால் இதற்கு நான் விலை கொடுத்திருக்கிறேன். நிக்கோலாவின் லிவோர்னோ 2013இல் பிளே ஆஃப் இறுதியில் எம்போலியை வென்று சீரி ஏவுக்கு ஏறியது. 2014 ஜனவரியில் அவரைக் கழகம் நீக்கியது. இத்தாலியர்கள் இதை எசோனெரோ என்பார்கள். அன்றிரவே உட்கார்ந்து, லிவோர்னோவுக்கும் அவருக்கும் இருந்த உறவு அறுந்துவிட்டது என்றும், அடுத்து எந்தக் கழகம் அவரை எடுக்கும் என்றும் நீண்ட கட்டுரை எழுதினேன். ஆண்டுத் தொகுப்பு ஒன்றுக்காக அது அச்சுக்கும் போய்விட்டது. ஏப்ரலில், அவருக்குப் பின் வந்த தி கார்லோவை நீக்கிவிட்டு லிவோர்னோ மறுபடி நிக்கோலாவையே அழைத்தது. அந்த எட்டுப் பக்கங்களையும் எடுத்துவிட்டுத் தொகுப்பை மறுபடி அச்சிட்டார்கள். அதன்பின் அந்த ஆசிரியர் என்னிடம் கட்டுரை கேட்கவே இல்லை.

எனக்குத் தெரியாமல் போனது ஒரே ஒரு சொல்லின் பொருள். எசோனெரோ என்றால் பணியில் இருந்து விடுவிப்பது மட்டுமே. ஒப்பந்தம் உயிரோடு இருக்கும், அது முடியும்வரை அல்லது அவர் வேறிடம் போகும்வரை கழகம் சம்பளம் கொடுத்துக்கொண்டே இருக்கும். ஒரு பருவத்தில் ஒரு கழகத்தில் பதிவான பயிற்சியாளர் அதே பருவத்தில் இன்னொரு கழகத்துக்குப் பயிற்சி தரக் கூடாது என்ற விதியும் நெடுங்காலம் இருந்தது. ஆகவே புதியவர் சரிப்படாதபோது, வீட்டில் உட்கார்ந்து சம்பளம் வாங்கும் பழையவரையே திரும்ப அழைப்பது கழகத்துக்கு மலிவு. 2012–13இல் பலெர்மோ, சன்னீனோவை நீக்கி கஸ்பெரீனியை அமர்த்தி, அவரை நீக்கி மலேசானியை அமர்த்தி, பிறகு கஸ்பெரீனியையும் கடைசியில் சன்னீனோவையும் திரும்ப அழைத்தது. 2023 ஜனவரியில் அடலாண்டாவிடம் 8–2 என்று தோற்ற சலேர்னிதானா நிக்கோலாவை நீக்கிவிட்டு, இரண்டே நாளில் மீண்டும் அமர்த்தியது. பிப்ரவரியில் மறுபடி நீக்கியது.

தாமாகப் பதவி விலகுவது முற்றிலும் வேறு. 2017 டிசம்பரில் குரோத்தோனேயில் இருந்து நிக்கோலா விலகியது அப்படித்தான். விலகுகிறவர் மிச்சச் சம்பளத்தையும் விட்டுவிட்டுப் போகிறார். இருதரப்பும் பேசி முடித்துக்கொள்வது மூன்றாவது வகை. இம்மூன்றுக்கும் "வெளியேறினார்" என்ற ஒரே சொல்லைப் போடுகிறவர், அந்த மனிதர் துரத்தப்பட்டாரா, தாமே நடந்தாரா என்பதையே மறைத்துவிடுகிறார்.

கோப்பை ஆட்டங்களை லீக் ஆட்டங்களோடு கூட்டுவது

கூட்டாதீர்கள். இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் போடுங்கள்.

ஆட்டக்காரர் வேறு கழகத்துக்குக் கடனாகப் போனதை விற்பனை என்பது

பதிவைப் பார்த்து எழுதுங்கள்.

சைக்கிளை மட்டும் எழுதுவது

2017இல் குரோத்தோனே கீழ்ப்பிரிவுக்கு இறங்காமல் சீரி ஏவில் தப்பிப் பிழைத்தால் சைக்கிளிலேயே டூரினுக்குப் போவதாக நிக்கோலா சொன்னார். தப்பியது, ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் மிதித்தும் போனார். அழகான செய்திதான். ஆனால் அந்த அணி முதல் 29 ஆட்டங்களில் சேர்த்தது 14 புள்ளிகள், கடைசி ஒன்பது ஆட்டங்களில் சேர்த்தது 20. கடைசி நாளில் லாட்சியோவை 3–1 என்று வென்று, 34 புள்ளிகளுடன் 17ஆம் இடத்தில் நின்றது. பயிற்சியாளரின் வேலை நடந்தது அந்த ஒன்பது ஆட்டங்களில். சைக்கிளுக்கு மூன்று பத்தி ஒதுக்கி, அவற்றுக்கு ஒரு வரிகூட ஒதுக்காத வரைவு ஒன்று இப்போது என் மேசையில் இருக்கிறது. அதைத் திருப்பி அனுப்புகிறேன்.