வயலில் பாம்பு கடித்தால்

வெள்ளாமை வெட்டுக் காலம், கிழக்கிலங்கையில் படுவான்கரையிலும் சம்மாந்துறைப் பக்கமும் வரம்பில் கால் வைக்கும்போது கவனம். பாம்பு கடித்துவிட்டால் ஆளை அசையாமல் இருத்துங்கள். நடக்க விடவே வேண்டாம். தசை அசைய அசைய விஷம் வேகமாகப் பரவும். மோதிரம், காப்பு, கொலுசு எல்லாவற்றையும் உடனே கழற்றுங்கள், வீங்கிய பிறகு முடியாது.

கயிற்றால் இறுக்கிக் கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது கூடவே கூடாது. கண்ணாடி விரியன் கடித்த காலை இறுக்கிக் கட்டினால் காலே போகக்கூடும். பாம்பைத் தேடி அடிக்கவும் போகாதீர்கள். 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். விஷகடி வைத்தியரிடம் போய் நேரத்தை விடவேண்டாம், விஷமுறிவு ஊசி ஆஸ்பத்திரியில்தான் போடுவார்கள். வலியில்லையே என்று சும்மா படுத்துவிடாதீர்கள். கட்டுவிரியன் கடி பெரும்பாலும் வலிக்காது.