ஆறு வருஷம் தூங்கிய ஜெட் ஸ்கீ: இன்ஜினை இறக்கலாமா?

ஈஞ்சம்பாக்கத்தில் சித்தப்பா வீட்டு ஷெட்டில், தார்ப்பாய்க்குக் கீழே ஆறு வருஷம் கிடந்தது அந்த ஜெட் ஸ்கீ, அதாவது தண்ணீரில் ஓட்டும் ஸ்கூட்டர். இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக். கடல் காற்றில் ஜன்னல் கம்பியே அரித்துப்போகும் இடம். பார்த்தவர்கள் எல்லோரும் "இன்ஜினை முழுசா இறக்கிடு" என்றார்கள்; அதாவது வெளியே எடுத்து, மொத்தமாகப் பிரித்துவிடு என்று.

நல்லவேளை, அவசரப்பட்டு செல்ஃப் அடிக்கவில்லை. பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டருக்குள் கொஞ்சம் ஆயில் விட்டு, இரண்டு நாள் கழித்துக் கையால் சுற்றினேன். சுற்றியது. புது பேட்டரி போட்டு கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் பிஸ்டன் அழுத்தும் காற்றின் அழுத்தம்) பார்த்தால் முன் சிலிண்டரில் 130 பிஎஸ்ஐ, பின்னதில் 85. வித்தியாசம் பத்து சதவீதத்தைத் தாண்டினாலே சந்தேகப்பட வேண்டும்.

காசிமேட்டில் படகு இன்ஜின் பார்க்கும் அண்ணனைக் கூட்டி வந்தேன். "சிலிண்டர் துருவை விடு தம்பி, கிராங்க் பேரிங்தான் முக்கியம்" என்றார். இன்ஜினின் கீழ்ப் பாதியில் சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங் அது. டூ ஸ்ட்ரோக்கில் பேரிங்குக்கு ஆயில் பெட்ரோலோடு சேர்ந்துதான் போகிறது. ஓடாமல் கிடந்தால் காய்ந்து, ஈரம் உட்கார்ந்துவிடும். சிலிண்டரைக் கழற்றி, பிஸ்டனை அந்தத் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடை மேலும் கீழும் இழுத்துப் பார்த்தார். ஆட்டம் இல்லை, கரகரப்பும் இல்லை. சரி, கீழ்ப் பாதியைத் தொட வேண்டாம் என்று முடிவு செய்தோம். பின் சிலிண்டரில் பிஸ்டன் ரிங் ஒட்டியிருந்தது. இரண்டு சிலிண்டரையும் போர் செய்து (உள்சுவரைக் கொஞ்சம் கடைந்து அகலமாக்கி), அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டோம். கார்புரேட்டரில் பழைய பெட்ரோல் பிசினாக இறுகியிருந்தது. அதைச் சுத்தம் செய்யாமல் விட்டிருந்தால், பெட்ரோலும் அதோடு வரும் ஆயிலும் போதாமல் புது பிஸ்டனும் கருகியிருக்கும்.

தரையில் வைத்து ஓட்டிப் பார்க்கும்போது இன்ஜின் சூடாகாமல் இருக்கக் குழாய்த் தண்ணீர் விட வேண்டும். முதலில் இன்ஜினைக் கிளப்ப வேண்டும், அப்புறம்தான் தண்ணீர்க் குழாயைத் திறக்க வேண்டும். நிறுத்தும்போது முதலில் தண்ணீரை மூட வேண்டும், பிறகு இன்ஜின். மாற்றிச் செய்தால் எக்ஸாஸ்ட் வழியாகத் தண்ணீர் உள்ளே ஏறிவிடும்.

இப்போது இரண்டு சிலிண்டரும் 140 பிஎஸ்ஐ காட்டுகின்றன. சித்தப்பாதான் இன்னும் ஏற மறுக்கிறார்.